யாரும் தொடவே இல்லை, ஜவ்வு எப்படிக் கிழிந்தது?

கேள்வி: என் மூத்த மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளிக் கபடி அணியில் ரைடர், எதிரணிக் களத்துக்குள் பாடிப் போய் வருகிறவள். போன மாதம் மாலைப் பயிற்சியில் பாடிவிட்டுத் திரும்பும்போது இடது முட்டியில் 'டக்'கென்று சத்தம் கேட்டு விழுந்துவிட்டாள். அப்போது யாரும் அவளைப் பிடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. ராத்திரிக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவரிடம் எண்ணெய் போட்டு உருவிக் கட்டு கட்டினோம். இப்போது வீக்கம் வடிந்து நடக்கிறாள். ஆனால் படி இறங்கினால் முட்டி நழுவுகிறது என்கிறாள். பிறகு எடுத்த ஸ்கேனில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். அந்த அணியில் இரண்டு வருஷத்தில் இவள் மூன்றாவது பெண். பையன்கள் அணியில் ஒருவனுக்கும் இப்படி ஆகவில்லை. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்கிறார் பக்கத்து வீட்டம்மா. வீட்டுக்கு விலக்கான நாளில் ஆடியதால்தான் என்கிறார் மாமியார். சின்னவளுக்கு 13 வயது. அவளும் கபடிக்குப் போகிறாள். நிறுத்திவிடவா?
— ஒரு தாய், தேவனாம்பட்டினம், கடலூர்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்ட இடம் ஒன்றுதான்: "தொடக்கூட இல்லை." யாராவது காலைப் பிடித்து இழுத்திருந்தால் அவர்மேல் கோபப்பட்டுவிட்டுப் போகலாம். யாரும் தொடாமல் கிழிந்துவிட்டால், குறை பிள்ளையின் உடம்பில்தான் என்று தோன்றிவிடுகிறது. அப்புறம் சத்துக் குறைவு, விலக்கு நாள், கண்ணேறு என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள். புதுச்சேரியில் 20 வருஷமாக முட்டிகளோடுதான் பிசியோதெரபிஸ்டான என் பிழைப்பு. இந்த ஜவ்வு கிழிந்து வருகிற விளையாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வது உங்கள் மகள் சொன்னதைத்தான். உலகம் முழுக்கவே பத்தில் ஏழு கிழிசல் மோதல் இல்லாமல்தான் நடக்கிறது.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பக்கத்தில் முட்டிக்குள் எலும்பைத் தவிர இருக்கிற எல்லாவற்றுக்கும் ஜவ்வு என்றே பெயர். வயதானவர்களுக்கு 'ஜவ்வு தேய்ந்துவிட்டது' என்றால் அது எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு. தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் மெத்தை மாதிரி இரண்டு இருக்கின்றன, மெனிஸ்கஸ் என்போம். அதையும் ஜவ்வு என்றுதான் சொல்கிறோம். உங்கள் மகளுக்குக் கிழிந்தது இந்த இரண்டும் அல்லாத மூன்றாவது. எலும்பையும் எலும்பையும் கட்டுகிற கயிறு, லிகமெண்ட். முட்டிக்கு இப்படி முக்கியமான கயிறுகள் நான்கு. வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, நட்டநடுவில் பெருக்கல் குறிபோலக் குறுக்கே போகிறவை இரண்டு. அந்தக் குறுக்குக் கயிறுகளில் முன்னால் இருப்பதுதான் அறிக்கையில் 'ஏ.சி.எல்.' என்று போட்டிருப்பது. நீளம் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவு. அவ்வளவு சின்னதுதான். ஓடி நின்று திரும்பும்போது கால் எலும்பு முன்னால் நழுவாமலும், முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து நிறுத்துவது அதுதான். படி இறங்கும்போது மகளுக்கு முட்டி நழுவுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, எப்படிக் கிழிந்தது? ரைடர் கோட்டைத் தொட்டோ ஆளைத் தொட்டோ சட்டென்று திரும்பி நடுக்கோட்டுக்குப் பாய வேண்டும். பெண்கள் ஆடும் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். இடம் குறைவு, வேகம் அதிகம், ஒரு பாட்டுக்கு 30 நொடிதான். அந்த ஓட்டத்தில் ஒரு காலை ஊன்றி, அதையே அச்சாக வைத்து உடம்பைத் திருப்புகிறாள். அந்த நொடியில் முட்டி போதுமான அளவு மடங்காமல் விறைப்பாக இருந்து, உள்பக்கமாகச் சாய்ந்து, பாதம் தரையைப் பிடித்துக்கொண்டு, மேலே உடம்பு மட்டும் திரும்பினால் முழு முறுக்கும் அந்த மூன்று சென்டிமீட்டர் கயிற்றில்தான் இறங்கும். முட்டி நேராக இருக்கும்போது தொடையின் முன்தசை கால் எலும்பை முன்னால் இழுக்கும். பின்தசை பின்னால் இழுத்து ஜவ்வுக்குத் துணை நிற்கும். பின்தசை பலவீனமாக இருந்தால், அல்லது பலம் இருந்தும் வேலைக்கு வரத் தாமதித்தால், ஜவ்வு தனியாக மாட்டிக்கொள்கிறது.

எவ்வளவு தாமதம் என்கிறீர்கள்? பெண்கள் ஆடிய ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆட்டங்களில் ஜவ்வு கிழிந்த 10 வீடியோக்களைப் பிரேம் பிரேமாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. பாதம் தரையைத் தொட்டதிலிருந்து சுமார் 40 மில்லி நொடிக்குள் கிழிசல் நடந்திருக்கும் என்று கணித்தார்கள். கண்ணை இமைக்கக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும். 'ஐயோ, கால் தப்பாகப் போகிறதே' என்று மூளைக்குத் தெரிந்து, அது தசைக்குச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் 'கவனமா ஆடக் கூடாதா?' என்று மகளைத் தயவுசெய்து கேட்காதீர்கள். கவனத்துக்கு அங்கே நேரமே இல்லை. கால் ஊன்றுவதற்கு முன்பே தசைகள் தயாராக இருக்க வேண்டும். அது பழக்கத்தால் மட்டுமே வரும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவதே இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான்.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணில் ஆடும்போது பாதம் கொஞ்சம் வழுக்கி, முறுக்கைத் தரைக்கே விட்டுவிடும். போட்டிக்கு விரிக்கும் 'மேட்' விரிப்பில் ரப்பர் அடி ஷூவோடு ஆடினால் பாதம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், திரும்புவது முட்டியாகிவிடும். ஆஸ்திரேலியாவில் அவர்கள் ஊர்க் கால்பந்தில் பார்த்திருக்கிறார்கள், மழை குறைந்து தரை காய்ந்து கிடக்கும் காலத்தில் இந்த ஜவ்வுக் கிழிசல் கூடுகிறது. மண்ணிலேயே பழகிய பிள்ளைகளைப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு திடீரென்று 'மேட்' விரிப்பில் இறக்குவது நம் பக்கத்தில் சகஜம். பெரிய விஷயமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் கேள்வியின் நடு நரம்புக்கு வருகிறேன். ஏன் பெண்பிள்ளைகளுக்கு?

எண்ணிக்கையில் பார்த்தால் ஜவ்வு கிழிந்து என்னிடம் வருகிறவர்கள் ஆண்கள்தான் அதிகம். களத்தில் இருப்பவர்களும், பைக்கில் பறப்பவர்களும் அவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரே ஆட்டத்தை ஒரே அளவு நேரம் ஆடினால் என்று கணக்குப் போட்டால் கதை திரும்பிவிடும். கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் பெண்களுக்கு இந்தக் கிழிசல் ஆண்களைவிட இரண்டு மடங்கிலிருந்து எட்டு மடங்கு வரை என்று ஆய்வுக்கு ஆய்வு மாறி வந்திருக்கிறது. உங்கள் மகள் அணியில் நடந்தது ஏதோ சாபம் என்று நினைக்க வேண்டாம்.

உடம்பு அமைப்பில் சில காரணங்கள் உண்டு. பெண்களுக்கு அந்த ஜவ்வே சற்றுச் சிறியது, அது போய்வரும் எலும்புப் பள்ளமும் சராசரியாகக் குறுகியது. இவற்றை நாம் மாற்ற முடியாது. மாதச் சுழற்சியைப் பற்றி மாமியார் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். கருமுட்டை வெளிவரும் நாட்களை ஒட்டி ஜவ்வு கொஞ்சம் இளகுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதை வைத்து 'இன்ன நாளில் ஆடாதே' என்று விதி போடும் அளவுக்கு எதுவும் நிறுவப்படவில்லை. அந்த மூன்று நாள்தான் காரணம் என்று சொல்ல ஆதாரமே கிடையாது. அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், பிள்ளை காதில் அது குற்றமாக விழ வேண்டாம். சுண்ணாம்புச் சத்து எலும்புக்கு. ஜவ்வு என்பது கொலாஜன் என்ற புரத நார். முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் ஜவ்வு கிழிந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாற்றக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பத்துப் பன்னிரண்டு வயது வரை பையனுக்கும் பெண்ணுக்கும் குதிக்கும் விதத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. வயதுக்கு வரும் பருவத்தில் இருவருக்கும் உயரம் கூடுகிறது, கால் எலும்புகள் நீள்கின்றன. பையனுக்கு அதோடு சேர்ந்து தசை பலமும் தானாக ஏறுகிறது. பெண்ணுக்கு அந்த அளவு ஏறுவதில்லை. நீண்டுவிட்ட காலை அடக்கி ஆள்வதற்கு வேண்டிய பலத்தை அவள் பயிற்சியில்தான் சம்பாதிக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? சரியாக அந்த வயதில்தான் 'பெரிய பொண்ணாயிட்டா' என்று மரம் ஏறுவதையும் தெருவில் ஓடுவதையும் நிறுத்துகிறோம். இரண்டு மூன்று வருஷம் உட்கார வைத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் உயரமாக இருக்கிறாளே என்று நேராக அணியில் சேர்க்கிறோம். பையன் அத்தனை வருஷமும் சுவர் ஏறிக் குதித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

ஒரு பள்ளியில் பெண்கள் அணியைப் பார்க்கப் போயிருந்தேன். வகுப்பு பெஞ்ச் ஒன்றைப் போட்டு ஒவ்வொருவராகக் குதிக்கச் சொன்னேன். தரையில் 'தொப் தொப்'பென்று சத்தம். பலருக்கும் குதிக்கும்போது இரண்டு முட்டியும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள வருவதுபோல் உள்ளே சாய்ந்தன. காலும் மடங்கவில்லை, கம்பு நட்டதுபோல வந்து இறங்கினார்கள். "இப்படிக் குதி என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். குதிப்பதற்கெல்லாமா சொல்லிக் கொடுப்பார்கள்? இப்படி உள்ளே சாயும் முட்டியைப் பற்றி 2005இல் அமெரிக்காவில் 205 விளையாட்டுப் பெண்களை அளந்து ஓர் ஆய்வு வந்தது. பின்னால் ஜவ்வு கிழிந்த 9 பேருக்குக் குதித்து இறங்கும்போது முட்டி சராசரியாக மற்றவர்களைவிடச் சுமார் 8 டிகிரி கூடுதலாக உள்ளே சாய்ந்திருந்தது. பிறகு நடந்த எல்லா ஆய்வுகளும் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. முட்டியைப் பார்த்து 'இவளுக்குக் கிழியும், இவளுக்குக் கிழியாது' என்று ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் குதிக்கக் கற்றுக் கொடுத்தால் கிழிசல் குறைகிறது என்பதில் சண்டையில்லை.

விளையாட்டுக்கு வெளியேயும் இந்தக் கயிறுகள் அறுகின்றன. கடலூர் – புதுச்சேரி சாலையில் வழுக்கி, மடங்கிய முட்டிக்குக் கீழே தரையில் அடிபட விழும் பைக்காரருக்குப் பெரும்பாலும் போவது பின் குறுக்கு ஜவ்வு. வெளிப்பக்கத்திலிருந்து முட்டியில் அடி விழுந்தால் உள்பக்க ஜவ்வு. உள்பக்க ஜவ்வு மூட்டுக்கு வெளியே இருப்பதால் பெல்ட் போட்டு ஓய்வு கொடுத்தாலே அநேகமாகச் சேர்ந்துவிடும். முன் குறுக்கு ஜவ்வு மூட்டின் உள்ளே நீரில் கிடப்பது. அறுந்த இடத்தில் ரத்தம் உறைந்து ஒட்டுப்போடுவதற்குள் கரைந்துவிடும். அதனால் அது தானாக ஒட்டுவதை நம்பி இருக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு 'ஜவ்வு கிழிஞ்சி கட்டுலயே சரியாச்சி' என்று யாராவது சொன்னால், எந்த ஜவ்வு என்று கேளுங்கள்.

இப்போது மூத்தவள். நடந்ததைக் குத்திக்காட்டவில்லை, இனி வேறு பிள்ளைக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். 'டக்' சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம், அதன்பின் நழுவல், இந்த மூன்றும் சேர்ந்தால் எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் ஜவ்வைச் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. அந்த வீக்கம் பெரும்பாலும் உள்ளே கசிந்த ரத்தம். அதன்மேல் எண்ணெய் போட்டு உருவுவதும் சூடாக ஒத்தடம் கொடுப்பதும் கசிவைக் கூட்டும். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ், இறுக்காத பேண்டேஜ், தலையணைமேல் கால், அவ்வளவுதான் வேண்டும்.

வீக்கம் வடிந்துவிட்டது, நடக்கிறாள் என்பதைப் பார்த்துப் பள்ளி விளையாட்டு விழாவுக்கு மட்டும் ஒரு ஆட்டம் என்று யாராவது கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ஜவ்வு இல்லாத முட்டி ஒவ்வொரு தடவை நழுவும்போதும் அந்த மெனிஸ்கஸ் மெத்தை நசுங்குகிறது. அது கிழிந்தால் முப்பது வயதிலேயே மூட்டுத் தேய்மானத்துக்கு அடி போட்டதாகிவிடும்.

அறுவை சிகிச்சை உடனே செய்தாக வேண்டுமா என்று கேட்டால், அவசரம் இல்லை. வீக்கம் முழுக்க வடிந்து, முட்டி முழுசாக நீண்டு, தொடைத் தசை விழித்துக்கொண்ட பிறகு செய்வதுதான் நல்லது. எல்லோருக்கும் செய்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஸ்வீடனில் 121 இளம் வயதினரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதலிலேயே அறுவை சிகிச்சை, மறுபாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை என்று பார்த்தார்கள். ஐந்து வருஷம் கழித்தும் மறுபாதியில் ஏறக்குறைய பாதிப்பேர் அறுவை சிகிச்சை இல்லாமலே சமாளித்திருந்தார்கள். ஆனால் உங்கள் மகள் மறுபடி கபடி ஆடியே தீருவேன் என்றால், அதுபோலத் திரும்பித் திரும்பி ஓடும் ஆட்டத்துக்குப் பெரும்பாலான நிபுணர்கள் புது ஜவ்வு வைக்கவே சொல்வார்கள். அவளுடைய காலிலிருந்தே ஒரு தசைநாரை எடுத்து வைப்பார்கள். முடிவு எலும்பு மருத்துவர் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ இங்கே ஜிப்மருக்கோ ஸ்கேன் படத்தோடு போங்கள். கடலூரில் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப்போய், எது அதில் அடங்கும் என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை நடந்தால் அது பாதி வேலைதான். களத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம். அதுவும் நாள் கணக்கு மட்டும் போதாது, அடிபட்ட காலின் பலம் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். இதில் நான் கறார். இளம் வயதில் ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதே முட்டியிலோ அடுத்த முட்டியிலோ மறுபடி கிழிகிறது. அவசரப்பட்டவர்கள்தான் அதில் அதிகம். பொதுத் தேர்வு வருஷம் வேறு. உட்கார்ந்து படிக்கக் கிடைத்த வருஷம் என்று அவளிடம் சொல்லிப் பாருங்கள், முறைப்பாள், பரவாயில்லை.

சின்னவளைப் பற்றி உங்களிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். கூடப் பிறந்தவருக்கோ பெற்றவருக்கோ இந்த ஜவ்வு கிழிந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. உங்கள் பயம் வெறும் பயம் இல்லை. அதனாலேயே நிறுத்தச் சொல்ல மாட்டேன், தயார் செய்யச் சொல்வேன். 13 வயதுதான் அதற்குச் சரியான வயது. 2008இல் நார்வேயில் 13 முதல் 17 வயதுவரை உள்ள கால்பந்துப் பெண்கள் 1892 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப்பேருக்கு ஆட்டத்துக்கு முன்னால் 20 நிமிடம் ஒரு வார்ம்-அப், மற்றவர்களுக்கு வழக்கம்போல. அந்த வார்ம்-அப் செய்தவர்களுக்குப் பலத்த காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. அதன் பெயர் 'ஃபிஃபா 11 பிளஸ்'. 15 பயிற்சிகள், தனிச் சாமான் எதுவும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு தடவையாவது செய்ய வேண்டும். கால்பந்துக்காக உருவாக்கியது என்றாலும் ஓடுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குதிப்பது, திசை மாற்றுவது எல்லாம் அதில் இருக்கிறது. கபடிக்கு அப்படியே பொருந்தும். பயிற்சியாளரிடம் போய்க் கேளுங்கள். 'மூன்று பெண்கள் போய்விட்டார்கள் சார்' என்று நீங்கள் ஆரம்பித்தாலே போதும், அவருக்கும் உறுத்தலாகத்தான் இருக்கும்.

வீட்டில் நீங்களே ஆரம்பிக்கலாம். வாசல்படியில் ஒன்றிலிருந்து, ஒரு அடி உயரம் போதும், அவளைக் குதிக்கச் சொல்லுங்கள். நேர் எதிரே உட்கார்ந்து போனில் வீடியோ எடுங்கள். முட்டி இரண்டும் பாதத்துக்கு நேர் மேலே நிற்கிறதா, உள்ளே ஓடுகிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். சத்தம் கேட்கவே கூடாது, பூனை மதிலிலிருந்து இறங்குவதுபோல முட்டியும் இடுப்பும் மடங்கி இறங்க வேண்டும். அது வந்த பிறகு ஒற்றைக் காலில். பின்தசைக்கு ஒன்று: பாயில் மண்டியிட்டு உட்காராமல் நிமிர்ந்து நிற்கட்டும். அக்கா பின்னாலிருந்து இரண்டு கணுக்காலையும் அமுக்கிப் பிடித்துக்கொள்ளட்டும். இவள் உடம்பை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும், முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். முதல் வாரம் மூன்று நான்கு தடவை போதும், தொடை வலிக்கும். மூத்தவளுக்கு இதில் பிடிக்கிற வேலை மட்டும்தான், உட்கார்ந்த வாக்கில் முட்டிக்குப் பாரம் வராமல் பிடிக்கட்டும், அவள் சாயக் கூடாது.

மூத்தவளை மருத்துவரிடமோ பிசியோவிடமோ கூட்டிக்கொண்டு போகும்போது அன்று போட்டிருந்த ஷூவையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். அதன் அடி தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.